நாரை கண்ட புலவரும் நாமும்

சத்திமுற்றப் புலவர் நாரையை விளித்துப் பாடிய பாடலை அறியாத தமிழ் மாணவர் இலர். அவருடைய வறுமைக்கு இரங்கும் நாம் அவர்தம் கண்ணின் கூர்மையை எண்ணிப் பார்ப்பதில்லை. அப்பறவையின் காலின் செந்நிறத்தைக் கண்டார். அலகுக்குப் பிளந்த பனங்கிழங்கை உவமை கூறினார். அது தெற்கே குமரிவரை வந்து வடக்கே மீள்வதையும் அறிந்திருந்தார். கால், அலகு, செலவு என்னும் இம்மூன்றும் இன்றைய பறவை நூலாரும் தம் குறிப்பேட்டில் எழுதுவனவே.

இம்முறையைப் பயிலுதற்கு நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. வல்வையிலிருந்து பருத்தித்துறை வழியே கிழக்கே சென்றால் மணற்காட்டின் மணற்குன்றுகளைக் காணலாம். அப்பால் நாகர்கோவில், மருதங்கேணி, கட்டைக்காடு ஆகிய ஊர்களைக் கடந்தால் சுண்டிக்குளம். 1938ஆம் ஆண்டிற் பறவைகள் சரணாலயமாகவும், 2015ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம் அது. நிலம் நெய்தலாயினும் கோடையில் அதன் தோற்றம் பாலையே. மணலும் உப்புப் படிந்த தரையும் முட்புதருமன்றி வேறொன்றும் ஆங்கில்லையென்பர் சிலர். மாரி மழையாற் கடல்நீரேரி நிரம்பியபின், கார்த்திகை முதல் மாசி வரை சென்று காண்போர் அங்ஙனம் கூறார்.

முதலில் காலை நோக்குக. பூநாரையின் நெடுங்கால், ஏனைய பறவைகள் இறங்கவியலாத நீரிலும் நடந்து இரை தேட உதவுகின்றது. அடுத்து அலகை நோக்குக. கரண்டிவாயனின் அலகு நுனியில் அகன்று தட்டையாயிருக்கும். அதனை நீரில் இடமும் வலமும் அசைத்து இரை தேடும். கூழைக்கடாவின் அலகின்கீழ்த் தொங்கும் தோற்பை மீனை வாரும் வலையாகும். பூநாரையோ வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் வைத்து நுண்ணுயிர்களை வடித்துண்ணும். அதன் இளஞ்சிவப்பு நிறமும் அவ்வுணவால் வந்ததே.

இனிச் செலவு. ஊசிவால் வாத்து ஐரோப்பா, ஆசியா ஆகிய கண்டங்களின் வடபாலிற் குஞ்சு பொரித்து, குளிர் தொடங்கத் தெற்கே வருவது. சுண்டிக்குளம் சரணாலயமான அதே 1938ஆம் ஆண்டிலேதான் நம்மூரிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் அமெரிக்காவின் குளோஸ்டர்த் துறையை அடைந்தது. காற்றறிந்து கடல் கடத்தலின் அருமை நம்மூரார்க்குத் தெரியும். வரைபடமின்றி அதனைச் செய்யும் சிற்றுயிரை நாம் மதியாதிருத்தல் தகுமோ?

மணலும் ஓர் ஏடே. காற்று எழுமுன் அதிகாலையிற் சென்றால் நண்டு, முயல், கௌதாரி, நரி என்பன இரவும் விடியலும் நடந்த சுவடுகளை அதில் வாசிக்கலாம்.

மாணவர் மறவாதிருக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒளிப்படத்தின் பொருட்டுக் கல்லெறிந்தும் ஓசையெழுப்பியும் பறவைக் கூட்டத்தைப் பறக்கச்செய்வோர் உளர். வலசைப் பறவை இங்கு உண்டு சேர்க்கும் கொழுப்பே திரும்புங்காற் கட்டுச்சோறு. வீணே எழுந்து பறக்குந்தோறும் அது குறையும். குறைந்த பறவை வழியில் மாளவும் கூடும். ஆதலால் தொலைவில் அமைதியாக நின்று காண்க.

குறிப்பேடொன்றில் கால், அலகு, செலவு என மூன்று நிரல் வரைக. நான்காவது நிரலில் அப்பறவைக்குக் கடற்றொழில் செய்யும் முதியோர் வழங்கும் பெயரைக் கேட்டு எழுதுக. அவர்கள் காலத்தின்பின் அப்பெயர்களைச் சொல்வார் இலராகலாம். அவற்றைத் தேடித் தொகுத்தல் தமிழ் கற்போர் கடனாகும்.