பாஸ்மதியைச் சோதனைக்கு அனுப்பும் முன்

டெல்லி நயா பஜாரில் மூட்டைக் கணக்கில் பாஸ்மதி எடுக்கும் ஓட்டல்காரர்களும் சிறு வியாபாரிகளும், ஆய்வகத்துக்குப் பணம் கட்டியும் உருப்படியான பதில் கிடைக்காமல் திண்டாடுவதைப் பார்க்கிறேன். பெரும்பாலும் மாதிரி எடுக்கும்போதே காரியம் கெட்டுவிடுகிறது.

முதலில் பில். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ன் 40-வது பிரிவுப்படி, வாங்கியவரே உணவுப் பகுப்பாய்வாளரிடம் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். ஆனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். பில்லிலேயே எழுதி வாங்குங்கள். சரக்கு தரம் தவறியது என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

இனி மாதிரி. மூட்டை வாயைப் பிரித்து ஒரு பிடி அள்ளினால் அது மாதிரியே ஆகாது. கலக்குகிறவர் நல்லதைத்தான் மேலே போடுவார். லாரியில் குலுங்கி வரும்போது குருணையும் முழு அரிசியும் வேறு பிரிந்துவிடும். குத்தூசியை மேல், நடு, அடி என மூன்று இடத்தில் செருகி எடுங்கள். பத்து மூட்டை என்றால் பத்திலும். எல்லாவற்றையும் சுத்தமான தாளில் கொட்டிப் புரட்டுங்கள். குவித்து, தட்டி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பாகத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி குவியல், மறுபடி நான்கு. ஒரு கிலோவுக்கு வரும்வரை இதேதான். நடுவில் அலுத்துப்போய்க் கையால் அள்ளி எடை போட்டால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். குருணையைப் பொறுக்கி எறியவே கூடாது. பாதியை ஆய்வகத்துக்குக் கொடுத்து, மறுபாதியை உலர்ந்த உறையில் முத்திரையிட்டு, தேதியும் லாட் எண்ணும் எழுதி வைத்திருங்கள்.

அடுத்து, என்ன சோதனை கேட்பது? மண மரபணுவை மட்டும் பார்க்கச் சொல்லாதீர்கள். 8-வது குரோமோசோமில் ஒரு மரபணுவில் எட்டு டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டிருப்பதால் பாஸ்மதிக்கு மணம் வருகிறது. தாய்லாந்து மல்லிகை அரிசியிலும் அதே மாற்றம்தான். மூக்கையும் நம்ப வேண்டாம், மணத்தைச் செயற்கையாகவும் ஏற்றலாம். அப்படிச் செயற்கை மணம் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2023 ஆகஸ்ட் 1 முதல் பாஸ்மதிக்கென்று தனித் தரமே அமலாக்கியிருக்கிறது. நீங்கள் கேட்க வேண்டியது ரக அடையாள டிஎன்ஏ சோதனை. ஹைதராபாத் டிஎன்ஏ ஆய்வு மையமான சிடிஎஃப்டி உருவாக்கிய முறையில் எட்டு மரபணு இடங்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். எந்தெந்த ரகங்களோடு ஒப்பிட்டார்கள் என்பதை அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். பூசா 1121-ல் பூசா 1509 கலந்திருந்தால் இரண்டுமே பாஸ்மதிதான். ஆனால் நீங்கள் 1121-க்கான விலையைக் கொடுத்திருப்பீர்கள்.

செல்லா, அதாவது புழுங்கல் அரிசி என்றால் படிவத்தில் குறிப்பிடுங்கள். புழுக்கிய சூட்டில் டிஎன்ஏ துண்டுதுண்டாகியிருக்கும், அதற்கேற்ப அவர்கள் வேலை செய்ய வேண்டும்.

மீரட் அருகே மோதிபுரத்தில் பாஸ்மதி ஏற்றுமதி மேம்பாட்டு அறக்கட்டளையின் ஆய்வகம் இருக்கிறது. தனியாரிடம் போனால் என்ஏபிஎல் முத்திரையைப் பார்த்ததோடு திருப்தியடையாதீர்கள். அந்த அங்கீகாரம் ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனி. பட்டியலில் அரிசி டிஎன்ஏ இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏற்றுமதிக்கென்றால், பிரிட்டனின் வணிக நெறிமுறை 7 சதவீதம் வரைதான் வேற்று அரிசியைப் பொறுத்துக்கொள்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகிற சரக்குக்கு டிரைசைக்ளசோல் என்ற பூஞ்சைக்கொல்லியின் எச்சமும் பார்க்க வேண்டும். 2018 முதல் அங்கே வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அது வேறு சோதனை. பணம் கட்டும்போதே தனியாகக் கேளுங்கள்.