குருணை உலோகமும் குறையாத மின்னோட்டமும்

கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் கம்பி சூடாகும் என்பதை நாம் அறிவோம். சலவைப் பெட்டி வேலை செய்வது இதனால்தான். எலக்ட்ரான்கள் செல்லும் வழியில் மோதி ஆற்றலை இழக்கின்றன. இதுவே மின்தடை. 1911-ஆம் ஆண்டு ஹாலந்தின் லெய்டன் நகரில் காமர்லிங் ஆன்னஸ் என்னும் அறிஞர், திரவ ஹீலியத்தைக் கொண்டு பாதரசத்தைக் குளிர்வித்தார். ஏறத்தாழ 4.2 கெல்வினில், அதாவது சுழிக்குக் கீழ் 269 டிகிரி செல்சியஸில், அதன் மின்தடை திடீரென மறைந்துவிட்டது! இத்தகைய பொருள்களே மீக்கடத்திகள். அவற்றில் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாக இணைகின்றன என்றும், எல்லா இணைகளும் ஒரே தாளத்தில் இயங்குகின்றன என்றும் 1957-இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் ஆகிய மூவர் விளக்கினர்.

இனி, அலுமினியத்துக்கு வருவோம். அதை ஆவியாக்கிக் கண்ணாடியின்மேல் மெல்லிய ஏடாகப் படியச் செய்யலாம். அப்போது சிறிது ஆக்சிஜனை உள்ளே விட்டால், அது அரிசிக் குருணை போலச் சிறு சிறு மணிகளாகப் படிகிறது. ஒவ்வொரு மணியையும் ஆக்சைடு என்னும் தோல் மூடியிருக்கும். மணியின் அகலம் சில நானோமீட்டரே. ஒரு மில்லிமீட்டருக்குள் இரண்டு மூன்று இலட்சம் மணிகளை வரிசையாக அடுக்கலாம். தூய அலுமினியம் 1.2 கெல்வினில்தான் மீக்கடத்தியாகும். இந்தக் குருணை அலுமினியமோ ஏறத்தாழ 3 கெல்வினிலேயே ஆகிவிடும். அழுக்கைச் சேர்த்தால் தரம் கூடுமா? படித்தபோது எங்களுக்கே நம்பிக்கை வரவில்லை. ஏன் கூடுகிறது என்பதில் அறிஞர்களிடையே இன்றும் ஒத்த கருத்து இல்லை.

ஆனால், ஆக்சிஜனை மேலும் மேலும் கூட்டினால் அதே ஏடு மின்சாரத்தைக் கடத்தாப் பொருளாகிவிடுகிறது. மணிகளுக்குள் எலக்ட்ரான் இணைகள் அப்போதும் இருக்கக்கூடும் என்பதுதான் வியப்பு!

மழைநாளில் நம் பள்ளியில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். மைதானத்தில் கூட முடியாமல் அவரவர் வகுப்பிலேயே காலைப் பாட்டைப் பாடுகிறோம். ஒரு வகுப்புக்குள் தாளம் பிசகுவதில்லை. ஆனால், கதவுகள் சாத்தியிருந்தால் அடுத்த வகுப்பு வேறோர் அடியில் இருக்கும். கதவுகள் திறந்திருந்தால் ஒருவர் குரலை ஒருவர் கேட்டுப் பள்ளி முழுவதும் ஒரே பாட்டாகிவிடும். ஆக்சைடுத் தோலே கதவு. எலக்ட்ரான் இணைகள் மெல்லிய தோலை ஊடுருவிச் செல்லும் என்று 1962-இல் ஜோசப்சன் கணித்தார். அப்போது அவர் வயது 22!

இதற்கு எதிராளி ஒன்று உண்டு. மிகச் சிறிய மணிக்குள் கூடுதலாக ஓர் இணை நுழைய வேண்டுமானால், மின்னூட்டங்களின் விலக்கு விசையை வெல்ல ஆற்றல் வேண்டும். மணி சிறுக்கச் சிறுக்க இந்த ஆற்றல் மிகும். ஆகவே இணைகள் நகராமல் அங்கங்கே நின்றுவிடுகின்றன. மேலும், ஒரு மணியில் உள்ள இணைகளின் எண்ணிக்கை உறுதியானால் அதன் தாளம் உறுதியற்றதாகிவிடும் என்பது குவாண்டம் விதி. இரண்டையும் ஒருசேரப் பெற இயலாது.

பனிக்கட்டி உருகுவது வெப்பத்தால். தனிச்சுழி வெப்பநிலையிலோ உருக்குவதற்கு வெப்பமே இல்லை. அங்கும் மேற்சொன்ன இழுபறியால் மட்டுமே பொருள் ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு மாறுமானால், அதுவே குவாண்டம் நிலைமாற்றம். 1980-களில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கோல்ட்மன் குழுவினர் உலோக ஏடுகளைச் சிறிது சிறிதாகத் தடிப்பாக்கி அளந்தனர். மெல்லிய ஏடுகள் குளிரக் குளிர மின்தடை ஏறியது. சற்றே தடித்தவற்றில் சுழிக்கு இறங்கியது. எல்லை, ஒரு சதுரத்துக்கு ஏறத்தாழ 6,450 ஓம். (சதுரம் பெரிதானாலும் சிறிதானாலும் தடை ஒன்றே, வரைந்து பாருங்கள்.) பிளாங்க் மாறிலியை எலக்ட்ரான் மின்னூட்டத்தின் இருமடியைப் போல் நான்கு மடங்கால் வகுத்தாலும் இதே எண் வருகிறது! ஆயினும், பிற சோதனைகளில் எல்லை இதிலிருந்து விலகியும் இருக்கிறது. சில ஏடுகள் எந்தப் பக்கமும் சேராமல், எவ்வளவு குளிர்ந்தாலும் ஓரளவு தடையுடனே நின்றுவிடுகின்றன.