பியூஸ் கட்டையில் தடித்த கம்பி

அக்னி நட்சத்திரம் பிறந்தால் எங்கள் கீழ்பென்னாத்தூர்த் தெருவில் இரவு வோல்டேஜ் இறங்கும்; யார் வீட்டிலாவது பியூஸ் போகும். போன மே மாதம் அக்கா வீட்டில் மூன்று நாளில் நான்கு முறை போனது. "தடிச்ச கம்பியா போட்டு விடுடா, இனிமே போகவே கூடாது" என்றார் அக்கா.

நம்பிக்கை: பியூஸ் இருப்பது ஏசியைக் காக்க. தடித்த கம்பி போட்டால் இன்னும் பாதுகாப்பு.

உண்மை: பியூஸ் முதலில் காப்பது சுவருக்குள் ஓடும் வயரை. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வயரில் சூடு நான்கு மடங்காகும். அப்போது முதலில் உருகி அறுபட வேண்டியது கட்டையில் இருக்கும் மெல்லிய கம்பி. அது உருகாவிட்டால் சுவருக்குள் வயரின் பிவிசி உறை உருகும். அதை யாரும் பார்க்க முடியாது. 15 ஆம்பியர் பியூஸ் கம்பியின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். அதுவே ஏறத்தாழ 30 ஆம்பியர் ஓடினால்தான் உருகும். ஏற்கெனவே இவ்வளவு விட்டுக்கொடுக்கும் கட்டையில் வயர்த் துண்டை முறுக்கிப் போடுவது வீட்டைப் பணயம் வைப்பது.

நம்பிக்கை: ஒன்றரை டன் ஏசி எட்டு ஆம்பியர்தான் இழுக்கும், பியூஸுக்குப் பதில் 10 ஆம்பியர் எம்சிபி போதும்.

உண்மை: ஓடும்போது எட்டுதான். ஆனால் இன்வெர்ட்டர் இல்லாத கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் ஐந்தாறு மடங்கு இழுக்கும். 'பி' வகை எம்சிபி தன் ஆம்பியர் அளவைப் போல மூன்று முதல் ஐந்து மடங்குக்குள் விழுந்துவிடும். 'சி' வகை ஐந்து முதல் பத்து மடங்குக்குள்தான் விழும். அதனால்தான் ஏசிக்கு வழக்கமாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் தனி லைன் இழுத்து, 20 ஆம்பியர் 'சி' வகை போடுகிறார்கள். கரண்ட் போய் உடனே வந்தால் மூன்று நிமிடம் பொறுத்து ஏசியைப் போடுங்கள்; கேஸ் அழுத்தம் இறங்காமல் கம்ப்ரசர் கிளம்பத் திணறும்.

நம்பிக்கை: பியூஸ் இருந்தால் ஷாக் அடிக்காது.

உண்மை: உடம்பில் 30 மில்லி ஆம்பியருக்கு மேல் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. 15 ஆம்பியர் பியூஸுக்கு அது தெரியவே தெரியாது. அதற்குக் கசிவு மின்னோட்டத்தைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபி வேண்டும்.

நம்பிக்கை: பியூஸ் போனால் கம்பி மாற்றினால் போதும்.

உண்மை: மாற்றும் முன் கட்டையைப் பாருங்கள். மெயினை அணைத்து, டெஸ்டரால் சோதித்துவிட்டுக் கழற்றுங்கள். பீங்கான் முழுக்கக் கரி படிந்து கம்பியே காணாமல் போயிருந்தால் பெரும்பாலும் ஷார்ட்; வயர்மேன் வராமல் மறுபடி போடக் கூடாது. நடுவில் சொட்டாக உருகியிருந்தால் லோடு அதிகம். திருகு ஓரத்தில் கருத்திருந்தால் திருகு லூஸ். மீட்டருக்கு முன்னால் இருப்பது மின்வாரியத்தின் பியூஸ். அதில் கை வைக்கவே வேண்டாம், வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

அக்கா வீட்டுக் கட்டையைக் கழற்றிப் பார்த்தோம். பீங்கான் வெள்ளையாகவே இருந்தது. கம்பி திருகு ஓரத்தில்தான் எரிந்திருந்தது. பித்தளைத் திருகு விரலாலேயே சுழன்றது. வயர்மேன் அதை மாற்றி, அதே 15 ஆம்பியர் கம்பியைப் போட்டார். அந்தக் கோடை முழுக்க அது போகவில்லை.