கல்லிலே ஒரு பள்ளி



நாம் தினமும் வருகிற இடம் பள்ளி. நம்ம ஊர்ப் பெயரிலும் பள்ளி இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். அந்தப் பள்ளி என்றால் படுக்கை. சமண முனிவர்கள் தங்கிய இடத்துக்கும் பள்ளி என்றுதான் பெயர். "அந்தப் படுக்கையையே பார்த்துட்டு வரலாம் வாங்கடா" என்று எங்கள் வரலாறு சார் ஒரு சனிக்கிழமை சித்தன்னவாசலுக்கு அழைத்துப் போனார். புதுக்கோட்டையிலிருந்து 16 கி.மீ.

வெயில் ஏறுவதற்குள் மலை ஏறினோம். மறுபக்கச் சரிவில் இருக்கிறது ஏழடிப்பட்டம். கால் வைக்கப் பாறையில் ஏழு குழிகள் வெட்டியிருப்பதால் இந்தப் பெயர். இப்போது பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது. அப்போது? நினைத்தாலே காலு கூசுது. குகைக்குள் 17 கல் படுக்கைகள். தலைமாட்டில் கல்லையே மேடாக விட்டுத் தலையணை! வழவழவென்று இருக்கிறது. கம்பிக்கு வெளியே நின்றுதான் பார்க்கணும்.

ஒரு படுக்கையில் தமிழ்-பிராமி எழுத்து. இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழையது. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி என்ற துறவிக்குச் சிறுபோசில் இளையர் செய்து கொடுத்த இருக்கை என்று சொல்கிறது. எருமிநாடு மைசூர்ப் பக்கம் என்கிறார்கள் அறிஞர்கள். அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவருக்கு நம்மவர் கல்லில் பாய் போட்டிருக்கிறார்!

அப்புறம் அறிவர் கோயில். 9ஆம் நூற்றாண்டில் இதைப் புதுப்பித்தவர் இளங்கௌதமன், மதுரை ஆசிரியர். (ஆமாம், ஆசிரியர்தான். சார் முகத்தில் ஒரே பெருமை.) உள்ளே நின்று மெதுவாக 'ம்ம்' என்றால் அறை முழுக்க ஒலிக்கிறது. மேலே அண்ணாந்து பார்த்தால் தாமரைக்குளம்: மீன், வாத்து, யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள். சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டிய ஓவியம். நிறைய உதிர்ந்துவிட்டது. காலத்தால் மட்டும் போகவில்லை, காவல் இல்லாத நாட்களில் கிறுக்கியவர்களாலும் போனது என்று சார் சொன்னபோது நான் வாயைத் திறக்கவில்லை.

காரணம் இருக்கிறது. நம்ம மலைக்கோட்டையிலும் உச்சிப்பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் சமணர் படுக்கைகள் உண்டு. 'சிரா' என்ற பெயர் அங்கே வெட்டப்பட்டிருக்கிறது; அதிலிருந்துதான் சிராப்பள்ளி வந்தது என்று சிலர் சொல்கிறார்கள். ஆறாம் வகுப்பில் அந்த மலைக்குப் போனபோது, படியோரப் பாறையில் காம்பஸால் என் பெயரைக் கீறிவிட்டு வந்தேன்.

போன ஞாயிறு தண்ணீரும் துணியும் எடுத்துக்கொண்டு போய்த் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை.

— 9ஆம் வகுப்பு மாணவன்