ஒரு கம்ப்யூட்டருக்கு எத்தனை ஆண்ட்டி வைரஸ்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, “எந்த ஆண்ட்டி வைரஸ் சார் நல்லது?” என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, “இப்போது உங்கள் கம்ப்யூட்டரில் எது காவல் இருக்கிறது?” பலருக்கும் பதில் தெரிவதில்லை.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாப்ட் டிபெண்டர் சிஸ்டத்துடனேயே இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் பல புதிய லேப்டாப்களில் வேறு நிறுவனத்தின் சோதனைத் தொகுப்பும் பதியப்பட்டிருக்கும். அது இயங்கும் வரை டிபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும். சோதனைக் காலம் முடிந்ததும் பணம் கட்டச் சொல்லிச் செய்தி வரும். அதை மூடிவிட்டு, ‘ஐகான்தான் இருக்கிறதே’ என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். ஐகான் வைரஸைப் பிடிக்காது. பணம் கட்டிப் புதுப்பியுங்கள். விருப்பமில்லையென்றால் செட்டிங்ஸில் ஆப்ஸ் பிரிவுக்குச் சென்று அதை நீக்கிவிட்டு, ரீஸ்டார்ட் செய்திடுங்கள். டிபெண்டர் மீண்டும் பொறுப்பேற்கும். ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டி என டைப் செய்து திறந்து, ரியல் டைம் புரொடெக்‌ஷன் ஆன் நிலையில் உள்ளதா என ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இரண்டு தொகுப்புகள் இருந்தால் இரட்டிப்புப் பாதுகாப்புதானே என்கிறார்கள் சிலர். இல்லை. நீங்கள் ஒரு பைலைத் திறக்கும்போது இரண்டும் ஒரே நேரத்தில் அதைச் சோதிக்க முயலும். ஒன்றின் செயலை மற்றொன்று சந்தேகிக்கும். கம்ப்யூட்டர் நத்தையாகிவிடும். மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு போல, நாம் கேட்கும்போது மட்டும் ஸ்கேன் செய்பவற்றைக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம்.

வீட்டு உபயோகத்திற்கு டிபெண்டரே போதும் என்பது என் கருத்து. பிள்ளைகளுக்கான கூடுதல் கட்டுப்பாடு, பல கருவிகளுக்கு ஒரே சந்தா போன்றவை தேவையென்றால் மற்றவற்றை வாங்கலாம். அதற்கு முன் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகியவை வெளியிடும் சோதனை முடிவுகளைப் பாருங்கள். கடைக்காரர் சிபாரிசு அதற்கு அப்புறம்தான்.

எதை வைத்திருந்தாலும் அப்டேட் ஆகாத தொகுப்பு நேற்றைய திருடனை மட்டுமே அடையாளம் காட்டும். விண்டோஸையும் அப்படியே புதுப்பிக்க வேண்டும். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாகிரை நினைவிருக்கிறதா? அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் அந்த மார்ச்சிலேயே தந்துவிட்டது. போடாமல் விட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. வசதியுள்ள கம்ப்யூட்டர் என்றால் 11-க்கு மாறிவிடுங்கள்.

ஜெராக்ஸ் கடைக்கும் போட்டோ ஸ்டூடியோவுக்கும் போய்வந்த பென் டிரைவைச் செருகியதும் திறக்காதீர்கள். அதன் மீது ரைட் கிளிக் செய்து, டிபெண்டர் கொண்டு ஸ்கேன் செய்திடுங்கள். போல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் அவற்றில் கிளிக் செய்யவே கூடாது. உங்கள் பைல்கள் பெரும்பாலும் உள்ளேயே மறைந்து கிடக்கும்.

வான்னாகிரை போன்றவை பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பவை. பூட்டியபின் வைரஸை நீக்கினாலும் கல்யாண போட்டோக்கள் திரும்பாது. எனவே மாதம் ஒருமுறை அவற்றை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து, முடிந்ததும் கேபிளைக் கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியபடியே விட்டால் அதிலுள்ளவையும் சேர்ந்தே பூட்டப்படும்.