கயிற்றில் தொடங்கி கோலா மூடா வரை

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கும் தம்பி, தங்கைகளே! அலைப் பாடம் வந்தால் கரும்பலகையை விட்டு வெளியே வாங்க. துணி காயப்போடும் கயிறு ஒன்று போதும். நடுவில் சிவப்பு நாடா கட்டி, ஒரு முனையை உதறச் சொல்லுங்க. அலை மறுமுனைக்கு ஓடும். நாடா அதே இடத்தில் ஏறி இறங்கும். பயணம் போவது ஆற்றல், கயிறு அல்ல. கயிறோ நீரோ காற்றோ, ஓர் ஊடகம் இல்லாமல் இயந்திர அலை நகராது.

வேகத்துக்கு நம்ம கெடாவிலேயே உதாரணம் இருக்கு. 2004 டிசம்பர் 26, நம் நேரப்படி காலை 9 மணிக்குச் சற்று முன் சுமத்ரா அருகே கடலடியில் நிலநடுக்கம். சுனாமி கோத்தா கோலா மூடாவைத் தாக்கியது மதியம் 1 மணிக்கு மேல். ஏன் இவ்வளவு நேரம்? ஆழத்தை 10-ஆல் (புவியீர்ப்பு முடுக்கம்) பெருக்கி வர்க்கமூலம் எடுங்க. 4,000 மீட்டர் ஆழத்தில் விநாடிக்கு 200 மீட்டர். மணிக்கு 720 கிலோமீட்டர். மலாக்கா நீரிணை ஆழம் குறைந்தது. 40 மீட்டரில் மணிக்கு 72 கிலோமீட்டர்தான், சாலையில் போகும் கார் மாதிரி! ஆனால் வேகம் குறையும்போது அலைநீளம் சுருங்கி, வீச்சு உயரும். கரையில் நீரே பாய்ந்து வரும். அங்கே நாடா கணக்கு செல்லாது.

மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள். இந்தியப் பெருங்கடலுக்கென எச்சரிக்கை அமைப்பே அப்போது கிடையாது. அலையின் பள்ளம் முதலில் வந்தால் கடல் உள்வாங்கும். அப்போது மீன் பொறுக்க இறங்காமல் மேட்டுக்கு ஓடணும்னு அதே வகுப்பில் சொல்லிடுங்க.