நம்பிக்கைகளும் உண்மைகளும்: மூன்று இடத்தில் ஒரே கோரிக்கை

முகவரிப் படிவம் உள்ள ஒரு வலைப்பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட்டை எடுத்துக்கொள்வோம். பக்கம் திறந்ததும் மாநிலங்களின் பட்டியலைச் சர்வரிடம் கேட்க ஒரு ஃபங்ஷன். மாநிலத்தைத் தேர்ந்தெடுத்ததும் மாவட்டங்களைக் கேட்க இன்னொன்று, மாவட்டத்துக்குப் பிறகு ஊர்களைக் கேட்க மூன்றாவது. முதலாவதை நகலெடுத்து ஒட்டி, முகவரியை மட்டும் மாற்றி மற்ற இரண்டையும் உருவாக்கியிருப்பார்கள். இதில் என்ன கெடுதல் என்று கேட்டால், வரிகள் கூடிவிட்டன என்ற பதில்தான் வழக்கமாக வரும். மூன்றையும் ஒன்றாக்கி வரியைக் குறைத்தால் வேலை முடிந்தது என்ற நம்பிக்கையும் அதிலிருந்தே பிறக்கிறது. ஆனால் முப்பது வரி கூடியதால் எந்தப் பக்கமும் படுத்துவிடாது. சர்வர் பதில் தராவிட்டால், தாமதமாகத் தந்தால், தப்பாகத் தந்தால் என்ன செய்வது என்ற முடிவு மூன்று இடங்களில் சிதறிக் கிடப்பதே உண்மையான கெடுதல். பல நேரம் அந்த முடிவை மூன்று இடத்திலும் யாரும் எடுத்திருக்கவே மாட்டார்கள். ஒன்றையே திரும்ப எழுதாதே என்ற விதியை 1999-ல் 'தி பிராக்மாட்டிக் புரோகிராமர்' நூலில் ஆண்ட்ரூ ஹன்ட்டும் டேவிட் தாமஸும் வகுத்தபோது, ஓர் அறிவுக்கு ஒரே இடம் இருக்க வேண்டும் என்றுதான் சொன்னார்கள். வரிகள் ஒத்திருப்பதைப் பற்றிய விதியாக அதைப் பலர் எடுத்துக்கொண்டதால், 2019-ல் வந்த இருபதாம் ஆண்டுப் பதிப்பில் அதை மறுபடி விளக்க வேண்டியிருந்தது.

அந்த அறிவு எது என்பதற்கு ஓர் உதாரணம் பார்ப்போம். கோரிக்கை தோற்றால், அதை அனுப்பும் ஃபெட்ச் ஃபங்ஷன் தானாகவே கேட்ச் பகுதிக்குப் போய்விடும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். இணைப்பே கிடைக்காதபோது அது சரி. சர்வர் 404 என்றோ 500 என்றோ பதில் அனுப்பினால் ஃபெட்ச் அதைத் தோல்வியாகக் கருதாது. ஒரு பதில் வந்துவிட்டது, ப்ராமிஸ் நிறைவேறிவிட்டது, அவ்வளவுதான். பதிலின் ஓகே என்ற மதிப்பைப் பார்த்தால்தான் நிலை எண் 200 முதல் 299 வரை இருக்கிறதா என்று தெரியும். ஜேகுவெரியின் அஜாக்ஸ் ஃபங்ஷனோ 404-ஐயும் 500-ஐயும் எரர் பக்கமே அனுப்பிவந்தது. அந்தப் பழக்கத்தோடு ஃபெட்சுக்கு வந்தவர்கள் ஓகே சோதனையை விட்டுவிடுவது இயல்பு. இப்போது நம் படிவத்துக்கு வருவோம். மாநில ஃபங்ஷனில் யாரோ பிறகு வந்து ஓகே சோதனையைச் சேர்த்திருக்கிறார். மாவட்ட ஃபங்ஷனில் அது இல்லை. சர்வர் 500 என்று ஹெச்டிஎம்எல் பிழைப்பக்கம் ஒன்றை அனுப்புகிறது. அதை ஜேசனாகப் படிக்கப் போன வரி, எதிர்பாராத '<' குறி என்று எரர் எறிகிறது. 'ஏற்றப்படுகிறது' என்று காட்டும் சுழல்வட்டத்தை மறைக்கும் வரி அதற்குக் கீழே இருப்பதால் அது ஓடவே இல்லை. படிவத்தை நிரப்புகிறவருக்கு என்ன நடந்தது என்று தெரியாது. சுழலும் வட்டத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். ஒரு பிரதியில் சரிசெய்த தவறு அடுத்த பிரதியில் அப்படியே உயிரோடு இருக்கிறது. நகல் நிரலின் விலையைப் பயனர்தான் கொடுக்கிறார்.

அசிங்க், அவெய்ட் போட்டு மாற்றி எழுதினால் இதெல்லாம் சரியாகிவிடும் என்பது அடுத்த நம்பிக்கை. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. மைக்ரோசாஃப்ட் 1999-ல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 வழியாகக் கொண்டுவந்த கோரிக்கை வசதியைப் பயன்படுத்தும் முறைக்கு, 2005-ல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் கேரட் அஜாக்ஸ் என்று பெயர் வைத்தார். 2006-ல் ஜேகுவெரி வந்தது, 2015-ல் ப்ராமிஸ் மொழியிலேயே சேர்ந்தது, 2017-ல் அசிங்க், அவெய்ட் சேர்ந்தன. ஒவ்வொரு படியிலும் எழுத வேண்டியது குறைந்தது, நகலெடுப்பதும் சுலபமாயிற்று. எவ்வளவு நேரம் காத்திருப்பது, தோற்றால் என்ன செய்வது என்ற கேள்விகளுக்கு எந்தப் படியும் நமக்காகப் பதில் சொல்லவில்லை. போதாக்குறைக்கு, அவசரமாக மாற்றும்போது புதுத் தவறுகளும் நுழைகின்றன. ஒன்றையொன்று சாராத கோரிக்கைகளை ஃபார் லூப்புக்குள் அவெய்ட் போட்டு வைத்தால் அவை வரிசையாகக் காத்து நிற்கும். ப்ராமிஸ் ஆல் கொண்டு ஒரே சமயத்தில் அனுப்பியிருக்கலாம். ட்ரை பகுதிக்குள் அவெய்ட் இல்லாமல் ப்ராமிஸை அப்படியே ரிட்டர்ன் செய்தால், பிறகு வரும் தோல்வி அந்தக் கேட்சில் சிக்காது.

சரி, எல்லாவற்றையும் ஒரே ஃபங்ஷனில் போட்டுவிடலாமா? இங்கே நியாயமான ஓர் எதிர்ப்பு உண்டு. தவறான பொதுமையை விட நகல் எவ்வளவோ மேல் என்று சாண்டி மெட்ஸ் வாதிட்டதை நிரலாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். அவர் சொன்னது சரியே. சுழல்வட்டம் காட்டவா, பிழைச்செய்தி எங்கே, மீண்டும் முயலவா என்று ஒவ்வொரு தேவைக்கும் ஓர் அளபுருவைச் சேர்த்துக்கொண்டே போன பொது ஃபங்ஷனை, ஆறு மாதம் கழித்துத் தொட எல்லோருக்கும் பயமாக இருக்கும். ஆனால் அந்த எதிர்ப்பு பொதுமையையே வேண்டாம் என்று சொல்வதாக நான் நினைக்கவில்லை. எது எல்லாக் கோரிக்கைக்கும் பொது என்பதைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. சர்வரின் அடிமுகவரி, ஹெடர்கள், நிலை எண் சோதனை, ஜேசனைப் படிப்பது, காலவரம்பு ஆகியவை உள்ளே போகட்டும். திரையில் எதைக் காட்டுவது என்பது அழைத்த இடத்திலேயே இருக்கட்டும். சுழல்வட்டத்தை மறைக்கும் வரியை அங்கே ஃபைனலி பகுதியில் வைத்தால் மேலே சொன்ன தொல்லை தீர்ந்தது.

மீண்டும் முயல்வதில் கூடுதல் கவனம் வேண்டும். பட்டியலைக் கேட்கும் கெட் கோரிக்கையை இரண்டு முறை அனுப்பினால் நஷ்டமில்லை. படிவத்தைச் சேமிக்கும் போஸ்ட் அப்படியில்லை. காலவரம்பு கடந்துவிட்டது என்பதற்கு நமக்குப் பதில் வரவில்லை என்று மட்டும்தான் பொருள். சர்வர் அதற்குள் சேமித்தே முடித்திருக்கலாம். எல்லாக் கோரிக்கையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது என்று மறுமுயற்சியைப் பொது ஃபங்ஷனில் திணித்தால், ஒரே படிவம் இரண்டு முறை பதிவாகலாம்.

பார்வைக்கு ஒத்திருப்பது நம்மை ஏமாற்றும் இன்னோர் இடம் பதில்களின் வரிசை. ஒருவர் ஒரு மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, உடனே மனம் மாறி வேறொன்றைத் தேர்ந்தெடுக்கிறார். முதல் கோரிக்கையின் பதில் தாமதமாகி இரண்டாவதற்குப் பின்னால் வந்தால், பெட்டியில் ஒரு மாவட்டம், பட்டியலில் வேறொரு மாவட்டத்தின் ஊர்கள். எந்த எரரும் வராது, தப்பான முகவரி அமைதியாகச் சேமிக்கப்படும். பழைய கோரிக்கையை அபார்ட் கன்ட்ரோலர் கொண்டு ரத்து செய்வது ஒரு வழி. அந்தக் கன்ட்ரோலரைப் பொது ஃபங்ஷனுக்குள் ஒன்றே ஒன்றாக வைத்துவிட்டால், ஊர்களைக் கேட்கும் கோரிக்கை தொடர்பே இல்லாத இன்னொரு பட்டியலின் கோரிக்கையையும் சேர்த்துக் கொன்றுவிடும். ஆகவே கன்ட்ரோலரின் ரத்துச் சிக்னலை ஏற்றுக்கொள்ளும் வசதி பொது ஃபங்ஷனில் இருக்க வேண்டும்; எதை எப்போது ரத்து செய்வது என்பதை அந்தந்தப் பட்டியல்தான் தீர்மானிக்க வேண்டும். நாமே ரத்து செய்ததால் வரும் எரரைப் பயனரிடம் பிழையாகக் காட்டவும் கூடாது.

ஓடுகிற நிரலைத் தொடாதே என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். அவர்களுடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ரீஃபாக்டரிங் என்றால் வெளி நடத்தை மாறாமல் உள்ளமைப்பை மாற்றுவது. தோல்வியில் மூன்று விதமாக நடந்துகொள்ளும் மூன்று பிரதிகளை ஒன்றாக்கினால், குறைந்தது இரண்டின் நடத்தை மாறியே தீரும். அதை ரீஃபாக்டரிங் என்ற பெயரில் ஒரே கமிட்டில் செய்வதுதான் ஆபத்து. முதலில் எந்த நடத்தை சரி என்று முடிவெடுத்து, மூன்றையும் தனித்தனியே அதற்குத் திருத்துங்கள், பிறகு ஒன்றாக்குங்கள். மார்ட்டின் ஃபௌலரின் 'ரீஃபாக்டரிங்' நூல், டான் ராபர்ட்ஸிடமிருந்து பெற்ற விதியாக, மூன்றாம் முறை வரும்போது மாற்று என்கிறது. இரண்டே இடத்தில் இருந்தால் பொறுத்திருப்பதில் தப்பில்லை.

பிரதிகள் தோல்வியில் இப்போது எப்படி நடந்துகொள்கின்றன என்று அறியப் பெரிய சோதனைக் கருவியும் வேண்டியதில்லை. பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, ஒருமுறை ஆஃப்லைன், ஒருமுறை மெதுவான இணைப்பு என்று வைத்து, ஒவ்வொரு பட்டியலும் என்ன செய்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். அதைச் செய்யாமல் நகல்களை ஒன்றாக்கத் தொடங்காதீர்கள்.